நகலெடுக்க உயிர் கொடுக்கும் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கைந்து தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் உயிரியல் படிக்க உட்காருவார்கள். மற்ற நாட்களில் எனக்கு ஆய்வுக்கூட வேலை, பாதி நேரம் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரத்தோடு. டிஎன்ஏ நகலெடுப்புப் பாடம் வந்தால் போதும், "இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு ஏடிபி?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். ஏடிபி என்பது செல்லின் எரிபொருள் மூலக்கூறு. முதல் வருடம் மழுப்பினேன். அப்புறம் வெட்கமாகிப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், கோப்பிக் கடையில் மாட்டிக்கொண்ட ஒரு பழைய நண்பர் என்று பலரும் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறதே, தனியாகச் சக்தி எதற்கு?

உட்காருகிறது, உண்மைதான். (அந்த நான்கும்தான் டிஎன்ஏவின் எழுத்துகள்.) பாடப்புத்தகப் படம் அங்கேயே நின்றுவிடுவதால் கதையும் அங்கேயே முடிந்தது என்று எல்லாரும் நினைத்துவிடுகிறோம். ஆனால் தண்ணீரில் சரியான ஜோடிக்கும் தப்பான ஜோடிக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் அப்படி ஒன்றும் பெரியதில்லை. மோலுக்கு 8 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில், அதாவது 37 டிகிரியில், அந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி நகலெடுத்தால் 20 சொச்சம் எழுத்துக்கு ஒரு எழுத்து தப்பாகும். ஈகோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் 4.6 மில்லியன் எழுத்துகள். ஒவ்வொரு நகலிலும் 200,000 தப்பு என்றால் அதைப் பாக்டீரியா என்றே சொல்ல முடியாது. நிஜத்தில் ஈகோலை ஆயிரம் முறை பிரிந்தால்தான் ஒரு தப்பு தங்குகிறது.

இது முதல் பிரச்சினை, பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது பிரச்சினையைத்தான் யாரும் வகுப்பில் சொல்வதில்லை: எதிரே உட்கார்ந்தது இன்னும் நகல் ஆகவில்லை. எழுந்து போனால்தான் நகல்.

எழுந்து போவதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது, அதனால் இதற்கு மட்டும் நீட்டிச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் அச்சு முறுக்கு சுடுவோம். நீளக் கம்பியின் நுனியில் பூப்போல ஒரு பித்தளை அச்சு. அதை எண்ணெய்க்குள் வைத்துச் சூடாக்கி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் இறக்க வேண்டும். அச்சு சூடாக இல்லாவிட்டால் மாவு ஒட்டாது, பூவும் விழாது. அதே நேரத்தில் மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டால் போச்சு, முறுக்கு அச்சைச் சுற்றி இறுகிக்கொண்டு எவ்வளவு உதறினாலும் இறங்காது. நான் பொடியனாக இருந்தபோது ஒருமுறை முழுசாக முக்கிவிட்டேன். அம்மா கத்தியால் சுரண்டித்தான் எடுத்தார், வந்தது பூ இல்லை, தூள். நன்றாக ஒட்டவும் வேண்டும், சுத்தமாக விடவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

மூலக்கூறு நகலிலும் இதே பகைதான். எந்த எழுத்து சரி என்று தேர்ந்தெடுக்க உதவுவது அச்சாக இருக்கும் பழைய இழைக்கும் புது எழுத்துக்கும் நடுவிலுள்ள பிணைப்பு. நகல் பிரிந்து போக வேண்டுமானால் அதே பிணைப்பைத்தான் உடைக்க வேண்டும். வரும்போது கிடைத்த ஆற்றலைப் போகும்போது திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, அந்தக் கணக்கில் நிகர லாபம் பூஜ்யம்.

சரி, இப்போது பிரிந்து நிற்கும் நகலைத் தனியாகப் பாருங்கள். எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் முதுகெலும்புப் பிணைப்புகள் எந்த எழுத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், சரியான வரிசையோடு இருக்கும் இழைக்கும் கன்னாபின்னா வரிசையோடு இருக்கும் இழைக்கும் ஆற்றலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. பக்கத்தில் அச்சு இல்லாதபோது எது சரி என்று அந்த மூலக்கூறுக்கே தெரியாது. பத்து எழுத்துத் துண்டு என்றால் 4-ஐப் பத்து முறை பெருக்கி 1,048,576 வரிசைகள் சாத்தியம், சரியானது ஒன்றே ஒன்று. வெப்பச் சமநிலைக்கு விட்டுவிட்டால் இயற்கை அந்தப் பத்து லட்சத்துச் சொச்சத்தையும் சரிசமமாகத்தான் நடத்தும். திரும்பத் திரும்ப அந்த ஒன்றையே வரவைப்பது என்ட்ரோபியை, அதாவது ஒழுங்கின்மையின் அளவை, கீழே தள்ளுகிற வேலை, அதற்கான விலையைப் பிணைப்பு ஆற்றலிலிருந்து எடுக்க முடியாது என்று மேலேயே பார்த்துவிட்டோம். வெளியிலிருந்து, எரிபொருளாகத்தான் வர வேண்டும்.

2017-இல் தாமஸ் ஓல்ட்ரிட்ஜ், பீட்டர் ரைன் டென் வோல்டே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன் வந்த ஆய்வுகள் பலவற்றில் நகல் அச்சோடு ஒட்டியபடியே இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பார்கள். பிரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் கதை மாறிவிட்டது: பிரிந்து நிற்கும் துல்லியமான நகல் எதுவாக இருந்தாலும் அது சமநிலையிலிருந்து விலகிய பொருள், ஒரு பேட்டரி மாதிரி ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும் பொருள். இதைப் படித்த அன்றைக்கு என் நோட்டில் இருந்த பழைய விளக்கங்களில் பாதியை அடித்துவிட்டேன்.

ஆனால் டிஎன்ஏவில் புது இழை பழைய இழையோடுதானே ஒட்டிக்கொண்டு இருக்கிறது? பிரிவதே இல்லையே?

கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு கறிபஃப் வாங்கிக் கொடுத்தேன். சரியான கேள்வி. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் காட்டியது அதைத்தான்: பிறக்கும் ஒவ்வொரு இரட்டை இழையிலும் ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஆக டிஎன்ஏ பிரிவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை நகலெடுக்கும்போது ஹெலிகேஸ் நொதி ஒன்றிரண்டு ஜோடிக்கு ஒரு ஏடிபி என்ற கணக்கில் செலவழித்து முன்னால் பிரித்துக்கொண்டே போகும். கடனை அடுத்த தலைமுறை கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிப்பதும் லேசான காரியமில்லை. இரட்டை இழை பத்தரை ஜோடிக்கு ஒரு சுற்று முறுக்கிக்கொண்டு இருக்கும். ஈகோலையில் நகலெடுப்பு ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்து என்றால் நொடிக்கு நூறு சுற்று முறுக்கவிழ்க்க வேண்டும், நிமிடத்துக்கு 6,000. நம் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பிழியும்போது சுற்றுவது 1,200 அல்லது 1,400. அந்த முறுக்கு முன்னால் போய்ச் சிக்கலாகாமல் இருக்க, இழையை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டுவதற்கென்றே தனி நொதிகள் இருக்கின்றன.

ஆர்என்ஏவிலும் புரதத்திலும் உடனடி ரொக்கம்தான், கடன் கிடையாது. டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸுக்குள் எந்த நேரத்திலும் எட்டு ஒன்பது எழுத்துதான் டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் உரிந்து வெளியே தொங்கும். புரதம் கோக்கும் ரைபோசோமில் அதைவிடக் குறைவு, பிடித்திருப்பது மூன்று மூன்று எழுத்தாகத்தான். பூவின் ஒரே ஒரு இதழ் மட்டும் அச்சில் இருக்கும்படி ஒரு முறுக்கை நீளமாகச் சுட்டுக்கொண்டே போவதுபோல. ஒட்டுவதும் விடுவதும் பகை என்றேனே, அதற்கு உயிர்கள் கண்டுபிடித்த வழி இந்தச் சின்னச் சன்னல்.

ஒரு எழுத்துக்குக் குறைந்தபட்ச விலை எவ்வளவு?

வெப்ப உலகின் சில்லறைக் காசு "கேடி". போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வருவது. (கேடி என்று சொன்னதும் மேசையில் சிரிப்பு கிளம்பும். கிளம்பட்டும், அப்படியாவது மறக்காது.) 310 கெல்வினில், அதாவது நம் உடல் சூட்டில், ஒரு கேடி என்பது 4.3 × 10⁻²¹ ஜூல்.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரண்டு பிட் தகவல். அதற்கு ஈடான கட்டிலா ஆற்றல், அதாவது வேலை செய்யக்கூடிய ஆற்றல், ஏறக்குறைய 1.4 கேடி. பிரிந்த நகல் ஒவ்வொரு எழுத்துக்கும் அதிகபட்சம் இவ்வளவைச் சுமந்துகொண்டு போகிறது, அதனால் இதற்குக் கீழே பேரமே இல்லை.

செல் உண்மையில் கொடுப்பது எவ்வளவு? ஒரு எழுத்து, அதாவது ஒரு நியூக்ளியோடைடு, மூன்று பாஸ்பேட்டோடு வருகிறது, இரண்டை உதிர்த்துவிட்டு ஒன்றோடு இழையில் சேருகிறது. உதிரும் அந்த இரண்டு பாஸ்பேட்டை ஏற்றிவிட இரண்டு ஏடிபி. செல்லுக்குள் ஒரு ஏடிபி உடைந்தால் சுமார் 20 கேடி. ஆக 40 கேடி உள்ளே போகிறது, அதில் கொஞ்சம் முதுகெலும்புப் பிணைப்பில் தங்குகிறது, மிச்சம் சூடாகப் போய்விடும். உதிர்ந்த இரட்டைப் பாஸ்பேட்டையும் செல் சும்மா விடாது, ஒரு நொதியை வைத்து உடனே இரண்டாக உடைத்துவிடும். ஏனென்றால் அது சேர்ந்துகொண்டே போனால் வினை பின்பக்கமாக ஓட ஆரம்பித்து, எழுதிய எழுத்தே கழன்றுவிடும்.

கணினியோடு ஒப்பிட்டால்?

கணினிச் சில்லில் ஒரு பிட்டைத் தட்டிவிட ஆகும் செலவு கேடியைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. செல் இருபது முப்பது மடங்கோடு நிறுத்திக்கொள்கிறது. சிங்கப்பூரில் 2020-இல் தரவு நிலையங்கள் மட்டும் நாட்டின் மின்சாரத்தில் 7 விழுக்காட்டை விழுங்கின, 2019 முதல் 2022 வரை புதிதாகக் கட்டுவதையே அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் எனக்குப் பாக்டீரியா மேல் தனி மரியாதை வந்தது.

லாண்டவர் என்பவர் அழிப்பதற்குத்தான் செலவு, எழுதுவதற்கு இல்லை என்று சொன்னாராமே? அப்படியானால் மெதுவாகச் செய்தால் நகல் இலவசம்தானே?

இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் 1961-இல் சொன்னது: ஒரு பிட்டை அழித்தால் குறைந்தது 0.69 கேடி வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். 2012-இல் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடி மணியை லேசர் ஒளியால் பிடித்து வைத்து அதை அளந்தும் காட்டினார்கள். சார்லஸ் பென்னட் இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கிடுவதையும் வெற்றுத்தாளில் நகலெடுப்பதையும் கொள்கையளவில் செலவே இல்லாமல், முன்னும் பின்னும் போகக்கூடிய விதத்தில் செய்யலாம் என்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே ஆர்என்ஏ பாலிமரேஸ்தான். நியூக்ளியோடைடு நிறைய இருந்தால் அது முன்னே நகரும், இரட்டைப் பாஸ்பேட் நிறைய இருந்தால் பின்னே நகரும்.

ஆனால் செல்லுக்கு வெற்றுத்தாள் என்று ஒன்று கிடையாது. அச்சுக்கோக்கும் பெட்டியைக் கவிழ்த்துவிட்டதுபோல நான்கு எழுத்தும் கலந்து மிதக்கும் குழம்புதான் அதன் தாள். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக்க வேண்டும், அந்த ஒழுங்குக்குத்தான் மேலே சொன்ன 1.4 கேடி. அப்புறம் இலவசத்தை நோக்கிப் போகப் போக இயந்திரம் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளாடும், வேகம் பூஜ்யத்தை நெருங்கும். இதில் வேடிக்கையான விஷயம், அந்த நிலையில் பிழைகளே எரிபொருள் ஆகிவிடும். சரியான எழுத்து ஒன்றுதான், தப்பான எழுத்துகள் மூன்று, அந்தக் கூடுதல் வகைகளின் என்ட்ரோபியே இழையை முன்னே தள்ளும். எழுத்து சேர்வது ஆற்றல் கணக்கில் லேசான மேடாக இருந்தாலும் இழை வளரும், என்ன, வளர்வது குப்பையாக இருக்கும். இலவச நகல் எடுக்கலாம், ஆனால் அது எதனுடைய நகலும் ஆகாது.

மெய்ப்புப் பார்ப்பது எப்படி? அதற்குத் தனிச் செலவா?

ஆமாம், இங்கே காசு தாராளமாகவே ஓடுகிறது.

முதலில் இயந்திரத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். டிஎன்ஏவை எழுதும் நொதியான பாலிமரேஸின் உள்ளங்கைக்குள் சரியான ஜோடி மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும்படி இடம் இருக்கிறது, அதனாலேயே தப்பு 100,000-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதையும் தாண்டித் தப்பான எழுத்து ஒன்று நுழைந்துவிட்டால் இழையின் நுனி சரியாகப் படியாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்த எழுத்தைச் சேர்ப்பது தடுமாறும். அந்தத் தடுமாற்ற நேரத்தில் நுனி உரிந்து, மூன்று நானோமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்தில் அதே நொதியில் இருக்கும் வெட்டுமிடத்துக்குப் போய்விழும், எழுத்து கத்தரிக்கப்படும். தப்பு இன்னும் நூறு மடங்கு குறைந்து 10 மில்லியனுக்கு 1 ஆகும்.

ஆனால் நொதிக்குக் கண் இல்லையே, சரியான எழுத்துள்ள நுனியும் சில நேரம் உரிந்து வெட்டுப்படும். டி4 என்ற பாக்டீரியா வைரஸில் சில மரபு மாற்றங்கள் பாலிமரேஸை அதிகத் துல்லியம் ஆக்கும், கூடவே சரியான எழுத்துகளை வெட்டி வீணாக்குவதும் ஏறிவிடும். துல்லியத்துக்கு விலை உண்டு என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

இதன் பின்னாலுள்ள கொள்கையை 1974-இல் ஜான் ஹாப்ஃபீல்டும், தனியாக 1975-இல் ழாக் நினியோவும் சொன்னார்கள். (அதே ஹாப்ஃபீல்டுதான் நரம்பு வலைப் பின்னல்களுக்காக 2024-இல் இயற்பியல் நொபேல் வாங்கியவர்.) ஜொகூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். உட்லண்ட்ஸில் ஒருமுறை கடப்பிதழ் பார்க்கிறார்கள், பாலத்தைத் தாண்டி ஜொகூரில் மறுபடி பார்க்கிறார்கள். ஒரு சோதனையில் நூறு பேரில் ஒரு ஆள் தப்பிப்பார் என்றால் இரண்டிலும் தப்பிப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர். அதே அதிகாரி அதே இடத்தில் அதே தாளை நூறு தடவை பார்த்தாலும் இந்தப் பலன் கிடைக்காது, நடுவில் ஒருவழிப் பாதை ஒன்று இருக்க வேண்டும். அந்த ஒருவழிப் பாதையைத்தான் ஏடிபியோ அதன் உறவுக்கார எரிபொருளான ஜிடிபியோ எரித்து வாங்குகிறோம். எரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியமான புள்ளி: வெப்ப இயக்கவியலில் எல்லாக் கதவும் இரு பக்கமும் திறக்கும், அதனால் தப்பானவர்களை வெளியே அனுப்ப வைத்த கதவு வழியாகவே தப்பானவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். எரிபொருள் அந்தக் கதவை ஒருபக்கமாக்குகிறது.

புரதம் கோக்க அமினோ அமிலங்களைப் பொறுக்கியெடுக்கும் நொதிகளிலும் இதே கதைதான். ஐசோலூசின், வேலின் என்று இரண்டு அமினோ அமிலங்கள், ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துப் பிரித்தால் இருபதில் ஒன்று தப்பாகும் என்று லினஸ் பாலிங் 1950களில் கணக்குப் போட்டார். நிஜத்தில் அளந்தபோது வந்தது 3,000-க்கு 1. தப்பாக ஏறிய வேலினை உடைத்துத் தள்ளுகிற இரண்டாவது சல்லடை ஒன்று அந்த நொதியிலேயே இருப்பது பிறகு தெரியவந்தது.

இழை எழுதி முடித்தபின் தப்பு தெரிந்தால், எது அசல், எது நகல் என்று எப்படித் தெரியும்?

உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துக்கொண்டு பதிப்பித்த கதை தெரியும்தானே? இரண்டு ஏட்டில் இரண்டு விதமாக இருந்தால் எதை நம்புவது என்பதுதான் பதிப்பாசிரியரின் தலைவலி. செல்லுக்கும் அதே தலைவலி. ஈகோலை அதற்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறது: பழைய இழையில் ஜிஏடிசி என்ற எழுத்துக்கோவை வரும் இடங்களில் மெத்தில் என்ற சின்ன வேதிப் பொட்டு வைக்கப்பட்டிருக்கும், புது இழைக்குப் பொட்டு வைக்கச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளிக்குள் பழுதுபார்க்கும் நொதிகள் வந்து, பொட்டில்லாத இழையில்தான் தப்பு என்று முடிவுகட்டி, அதில் ஒரு நீளமான துண்டையே வெட்டியெடுத்து மறுபடி எழுத வைக்கும். ஒரு எழுத்துத் தப்புக்கு நூற்றுக்கணக்கான எழுத்தைக் கிழித்துப்போடுவது ஊதாரித்தனமாகத் தோன்றும். இந்தக் கட்டத்துக்கு வந்து சேரும் தப்புகள் ரொம்பக் கொஞ்சம் என்பதால் கட்டுப்படியாகிறது.

இத்தனைக்குப் பிறகும் மனிதர்களில் ஒவ்வொரு குழந்தையும் அம்மா அப்பா இருவரிடமும் இல்லாத 60, 70 எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது.

உயிர் என்பதே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு எதிரானது என்கிறார்களே?

இல்லை. மொத்த என்ட்ரோபி குறையக் கூடாது என்பதுதான் அந்த விதி. நகலில் குறையும் என்ட்ரோபியைவிடப் பல மடங்கு வெப்பமாக வெளியே போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே 100 வாட் குண்டு பல்புக்குச் சமம், ஏர்கான் ஓடாத வகுப்பறையில் நாற்பது பேரோடு உட்கார்ந்தவர்களுக்கு நிரூபணம் தேவையில்லை. 2013-இல் ஜெரமி இங்லண்ட் இன்னும் ஒன்று சொன்னார்: எளிதில் தானாகச் சிதையாத, நீடித்து நிற்கும் நகலைச் செய்ய வெளிவிட வேண்டிய குறைந்தபட்ச வெப்பமும் அதிகம். திரும்பிப் போகும் பாதை எவ்வளவு அரிதோ அவ்வளவு விலை.

செல்லுக்கு அதிகச் செலவு டிஎன்ஏ நகலா?

கிடையாது. ஈகோலையின் இரண்டு இழைக்கும் சேர்த்து 9.2 மில்லியன் எழுத்து, எழுத்துக்கு இரண்டு ஏடிபி என்றால் 18 மில்லியன். புரதத்துக்கு வாருங்கள்: ஒரு செல்லில் ஏறக்குறைய 3 மில்லியன் புரதங்கள், சராசரி 300 அமினோ அமிலம், கோக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நான்கு ஏடிபிக்கு ஈடான செலவு. 3.6 பில்லியன் வந்துவிடுகிறது, இருநூறு மடங்கு. அதனால்தான் புரதத்தில் தப்பு 1,000-க்கு 1, 10,000-க்கு 1 என்று இருந்தாலும் செல் கண்டுகொள்வதில்லை. நாளிதழில் எழுத்துப்பிழை வந்தால் நாளைக்குப் பழைய பேப்பர், கல்வெட்டில் வந்தால் ஆயிரம் வருஷம் நிற்கும்.

பிசிஆர் பரிசோதனையில் நடப்பதும் இதுதானா?

இதேதான், பிரிக்கும் செலவைச் சுவரிலிருக்கும் மின்சாரம் கொடுக்கிறது என்பதைத் தவிர. 95 டிகிரியில் இழைகள் பிரியும், 55, 60-க்கு இறக்கினால் தொடக்கத் துண்டுகள் ஒட்டும், 72-இல் பாலிமரேஸ் எழுதும். திரும்ப 95. ஹெலிகேஸ் வேண்டாம், ஏடிபி வேண்டாம், அறைச் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே ஏறி இறங்குகிற வெப்பநிலையே எரிபொருள். சரியாக இரட்டித்தால் 30 சுற்றில் ஒன்று 1,073,741,824 ஆகும். கோவிட் காலத்தில் ஆளாளுக்குச் சிடி அளவு கேட்டோமே, எத்தனையாவது சுற்றில் நகல்கள் கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டின என்பதுதான் அது. எண் குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம்.

இதில் பயன்படும் டாக் பாலிமரேஸ் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிடமிருந்து வந்தது, கொதிக்க வைத்தாலும் தாங்கும். மெய்ப்புப் பார்க்கும் பகுதி அதற்கு வேலை செய்யாது. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் பரிசோதனைக்கு அது போதும், வரிசையே சரியாக வேண்டுமென்றால் வேறு நொதிக்கு மாற வேண்டும்.

நகலெடுக்கும் இயந்திரத்துக்கு எதை நகலெடுக்கிறோம் என்ற கவலையே இல்லை என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். டிஎன்ஏவே போடாத வெற்றுக்குழாயில் 34-ஆவது சுற்றில் கோடு மேலே ஏறியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் தெரிந்தது: முந்தின நாள் நகல்களைக் கையாண்ட அதே பிப்பெட்டை நான்தான் துடைக்காமல் எடுத்திருக்கிறேன்.

வைரஸ்கள் மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியமாக நகலெடுக்கின்றன?

டெங்கி வைரஸின் மரபுத்தொகுதி 10,700 எழுத்துதான், மெய்ப்புப் பார்க்கும் வசதி இல்லை. சின்னத் தொகுதியாக இருப்பதால் அலட்சியம் தாங்கும். நீளம் கூடக் கூட ஒரு எல்லையில் பிழைகள் குவிந்து செய்தியே கரைந்துவிடும் என்று மன்ஃப்ரெட் ஐகன் 1971-இல் காட்டினார். கொரோனா வைரஸுக்கு 30,000 எழுத்து, ஆர்என்ஏ வைரஸ்களில் அது ராட்சசன். அதனால் வெட்டித் திருத்தும் நொதி ஒன்றைக் கூடவே சுமக்கிறது.

சால் ஸ்பீகல்மன் 1967-இல் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். க்யூபீட்டா வைரஸின் ஆர்என்ஏவையும் அதை நகலெடுக்கும் நொதியையும் நியூக்ளியோடைடுகளோடு குழாயில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு துளி எடுத்து அடுத்த குழாய், அதிலிருந்து ஒரு துளி அடுத்தது என்று 74 முறை மாற்றினார். வேகமாக நகலாவதைத் தவிர வேறு எந்த வேலையும் அந்த ஆர்என்ஏவுக்கு இல்லை. கடைசியில் தன்னுடைய நீளத்தில் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நொதி பிடித்துக்கொள்வதற்கு வேண்டியது மட்டும் மிஞ்சிய குட்டி ஆர்என்ஏ நின்றது.

அப்படியானால் நொதியே இல்லாத காலத்தில் முதல் நகல் எப்படி வந்தது?

முடிந்த முடிவாக யாரும் சொல்லிவிடவில்லை, ஆனால் எங்கே முட்டுகிறது என்பது தெளிவு. 1986-இல் குந்தர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி ஆறு எழுத்து டிஎன்ஏத் துண்டு ஒன்றை நொதியே இல்லாமல் தன்னைத்தானே நகலெடுக்க வைத்தார். மூன்று மூன்று எழுத்தாக இரண்டு துண்டுகள் அச்சின்மேல் உட்கார்ந்து சேர்ந்துகொள்ளும். நகலானது, ஆனால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகவில்லை. அச்சின் அளவுக்கு ஏற்ப வேகம் கூடாமல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடியது. காரணம், பிறந்த நகல் அச்சைவிட்டு இறங்க மறுத்தது. பெரும்பாலான அச்சுகள் எந்நேரமும் தங்கள் நகலைக் கட்டிக்கொண்டு சும்மா கிடந்தன. ஆறு எழுத்துக்கே இந்தப் பாடு, அறுபது எழுத்து என்றால் பிரிக்கவே முடியாது.

அதனால்தான் ஆதி பூமியில் வெளியிலிருந்து உதறிவிட ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று பலரும் தேடுகிறார்கள்: சூடும் குளிரும் அடுத்தடுத்து இருக்கும் பாறை இடுக்கு, காய்ந்து காய்ந்து நனையும் குட்டை. எரிமலைப் பாறைத் துவாரம் ஒன்றில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறியும் இருந்தால் தண்ணீர் தானாகச் சுழலும், இழைகள் சூட்டுப் பக்கம் போய்ப் பிரிந்து குளிர்ப் பக்கம் வந்து ஒட்டும். மின்சாரம் இல்லாத பிசிஆர் இயந்திரம் என்று சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட துவாரங்களைக் கட்டி டிஎன்ஏவைப் பெருக்கியும் காட்டிவிட்டார்கள், ஆனால் அவர்கள் உள்ளே போட்டது இன்றைய பாலிமரேஸ்.

இதெல்லாம் தேர்வில் வருமா சார்?

வராது. மேசையில் இருக்கும் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு, பழைய வினாத்தாளை எடுங்கள்.